அலுமினிய ட்ரேயில் ஒரு எல்லைக்கோட்டை

என் பேத்தி எனக்கு எதிரி தேசத்தைத்தான் கொடுத்தாள். கோட்டையை அவளுடைய அம்மாயிக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாயி என்றால் என் மருமகளைப் பெற்றவர், கோயம்புத்தூர்க்காரர், என் சம்பந்தி. நான் மகனைப் பெற்றவள், கோவில்பட்டிப் பக்கம், அதனால் பேத்திக்கு நான் ஆச்சி. இது நடந்தது போன நவராத்திரிக்கு, டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில், என் மகன் வீட்டு ஹாலில். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வயிறும் கொஞ்சம் எரிகிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் டைப் அடிக்கிறாள். அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் விரல் மெதுவாகப் போகிறது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இங்கே பிள்ளைகள் வீட்டுக்கு வந்து இருக்கிற பெற்றோருக்கு ஒரு முறை உண்டு. விசா ஆறு மாதம். ஆறு மாதம் மகனைப் பெற்றவர்கள் இருப்பார்கள், அடுத்த ஆறு மாதம் மகளைப் பெற்றவர்கள். ஒருவர் பெட்டி கட்டிக் கிளம்பின பிறகுதான் இன்னொருவர் வந்து இறங்குவார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே இட்லிக் குக்கரில் வாழ்வோம். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அதனால்தான் சம்பந்திகள் எல்லாரும் போனில் அவ்வளவு பிரியமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த வருஷம் எங்கள் சம்பந்திக்குக் கொலு பார்க்க ஆசை வந்துவிட்டது. என் ஆறு மாதம் முடிய இன்னும் நாள் இருக்கும்போதே வந்து இறங்கிவிட்டார். ஒரு பெட்டியில் புடவை, ஒரு பெட்டி முழுக்க பொம்மை.

அவர் பெரிய படிப்பு. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து, ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை மடிப்புக் கலையாமல் டெக்சாஸ் வெயிலில் காலையில் நடந்துவிட்டு வருவார். எனக்கு அந்த மடிப்பைப் பார்த்தாலே எரியும். நான் வாசல் வரைக்கும் போய்வந்தாலே என் புடவை வடாம் காயப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும்.

அவர் வருவதற்கு முன்னால் பேத்தி ஸ்கூல் பஸ்ஸில் இருந்து இறங்கினால் நேரே என்னிடம்தான் வருவாள். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நின்றுகொண்டே அடை தின்பாள். அவள் சொல்வது பாதி எனக்குப் புரியாது, நான் சொல்வது பாதி அவளுக்குப் புரியாது, ஆனாலும் ரெண்டு பேரும் நிறுத்த மாட்டோம். சம்பந்தி வந்த பிறகு அடையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தாள். ஹோம்வர்க்காம். அம்மாயி ஹெல்ப் பண்ணுகிறாராம். தட்டு மட்டும் என்னிடம் திரும்பி வரும், கழுவுவதற்கு.

அந்த சமயத்தில்தான் அவளுக்கு ஸ்கூலில் ஒரு ப்ராஜெக்ட். எகிப்து. எகிப்து என்றால் கூம்பு கூம்பாகக் கட்டியிருப்பார்களே, அதுதானே என்று கேட்டேன். "ஆச்சி, எவ்ரிபடி டஸ் பிரமிட்ஸ்" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவளுடையது வேறு. எகிப்து ராஜாக்கள் தெற்கே படை நடத்திப் போய் எல்லையில் கோட்டைகள் கட்டின கதை. அதைக் கொலுப் படிக்குக் கீழே, பொம்மைப் பூங்கா வைப்போமே, அந்தப் பார்க்காகக் கட்டுவது, கொலு பார்க்க எல்லாரும் வருகிற சனிக்கிழமை பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துக் கதை சொல்வது, அதை அவள் வீடியோ எடுத்து வகுப்பில் காட்டுவது. இதுதான் திட்டம்.

ஒருவர்தான் சொல்ல வேண்டும் என்றாள். யார் என்று அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

அன்றைக்கு இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. படித்தவர் வீட்டில் இருக்கும்போது படிக்காதவளை யார் கூப்பிடுவார்கள்? அது எனக்கும் தெரியும். தெரிந்தால் ஆசை போய்விடுமா?

கதையை எனக்கும் சொன்னாள், அதற்குக் குறை சொல்லக் கூடாது. அங்கே ஒரு பெரிய ஆறு, தெற்கே இருந்து வடக்கே ஓடுகிறது. ராஜா வடக்கே. தெற்கே இருப்பவர்கள் வேறு ஜனங்கள். அவர்களிடம் தங்கம் இருந்தது, மாடு இருந்தது, வில் பிடிக்கிறதில் கெட்டிக்காரர்கள். ராஜா படகில் படையோடு ஆற்றை எதிர்த்துப் போய் அவர்கள் ஊரைப் பிடித்தான். ஆற்றில் பாறை வந்து படகு போக முடியாத இடத்தில் எல்லாம் ஒரு கோட்டை. ஒன்றில் இருந்து பார்த்தால் அடுத்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரிசையாக. எல்லாம் பச்சைச் செங்கல், அதாவது சுடாத மண்கல். மதில் கனம் எவ்வளவு என்று கேட்டேன். கராஜ் கதவைக் காட்டி, அந்த அகலம் என்றாள். ரெண்டு கார் நிற்கிற கதவு. வெளியே அகழி, மதிலில் அம்பு விட ஓட்டை. எல்லையில் ஒரு கல்லை நட்டு அதில் எழுதியும் வைத்தானாம்: தெற்கத்தி ஆட்கள் படகிலோ காலாலோ மாட்டை ஓட்டிக்கொண்டோ இதைத் தாண்டக் கூடாது, வியாபாரத்துக்கு வருகிறவர்கள் மட்டும் வரலாம்.

"ஏட்டி, அவங்க ஊருக்குள்ள இவன் போயி மதிலைக் கட்டிட்டு, அவங்களயே வரக்கூடாதுன்னா என்ன நியாயம்?" என்று கேட்டேன்.

பேத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் சம்பந்தி, "அது ராஜதந்திரமுங்க சம்பந்தியம்மா" என்றார். பேத்தி அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டாள். என் கேள்வியை யாரும் எழுதவில்லை.

பார்க் கட்டுவதற்கு, எப்போதோ எலுமிச்சை சாதம் கேட்டரிங்கில் வாங்கின பெரிய அலுமினிய ட்ரே ஒன்று கராஜில் கிடந்தது. மண்ணுக்கு எங்கே போவது என்று மகன் யோசித்தான். நான் பின்பக்கம் போய்க் கொத்தினேன். கேட்டி மண் நம் கரிசல்தான். மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் வாயைப் பிளக்கும். அதை ஐஸ் ட்ரேயில் அடைத்து டிரைவ்வேயில் காயவைத்தோம். முதல் தடவை எல்லாம் வெடித்துப் போயிற்று. பேத்தி எதையோ பார்த்துவிட்டு வந்து, அவர்கள் வைக்கோல் கலந்தார்கள் என்று சொல்லி, புல் வெட்டின சருகை நறுக்கிப் போட்டாள். இரண்டாவது தடவை நின்றது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர், நின்று பார்த்துவிட்டு, பிரவுனி கேக்கா என்று கேட்டாராம்.

பிறகுதான் பாகப்பிரிவினை. ட்ரேக்கு நடுவே அலுமினிய ஃபாயிலை மடித்து ஆறு. இந்தப் பக்கம் கோட்டை, அம்மாயிக்கு. அந்தப் பக்கம் வெளியே, ஆச்சிக்கு.

"வெளியேன்னா?" என்றேன்.

"யூ ஆர் த பீப்பிள் தே ஆர் கீப்பிங் அவுட்" என்றாள். சம்பந்தி அதைத் தமிழில் சொல்ல வந்தார். வேண்டாம், உள்ளே விடக் கூடாத ஆட்கள் நாங்கள்தான், புரிந்துவிட்டது என்றேன். அது எனக்கு இங்கிலீஷிலேயே நன்றாகப் புரிந்தது.

சம்பந்தி கோட்டையைக் கட்டின அழகைச் சொல்ல வேண்டும், பொறாமையாக இருந்தாலும் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக வைத்து, மூலைக்கு ஒரு கொத்தளம், டூத்பிக்கால் அம்பு ஓட்டை, வாசலுக்கு ஐஸ்குச்சிக் கதவு. ஆற்றில் தண்ணீர் மொள்ள ஒரு படிக்கட்டு கூட. பேத்தி அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். என் தோளும் அங்கேதான் இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? என் கரையில் ஒரு ஊரே வைத்தேன். கொலுப் பெட்டியில் இருந்த மாடு, கன்று எல்லாம் என் பக்கம். கடுகும் வெந்தயமும் விதைத்தேன். அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொலுவில் செட்டியார் பொம்மை உண்டல்லவா, தொப்பையும் தொந்தியுமாக, முன்னால் அரிசி பருப்பு பரப்பிக்கொண்டு பெண்டாட்டியோடு உட்கார்ந்திருப்பாரே? அவரைப் படியில் இருந்து எடுத்து, ஆற்றைத் தாண்டி, கோட்டை வாசலுக்கு நேரே வைத்தேன். வியாபாரிதானே. கல்லிலேயே எழுதியிருக்கிறது, வரலாம் என்று. உட்கார்ந்திருந்தும் மதிலைவிட உயரமாக இருந்தார்.

சம்பந்தி நடந்துவிட்டு வந்து பார்த்தார். "ஏனுங்க சம்பந்தியம்மா, இந்தச் செட்டியாரு எப்படிங்க இங்க வந்தாரு?"

"யாவாரம்னா நாலு எடத்துக்குப் போயித்தான ஆகணும் மதினி."

"செட்டியாரம்மாவைப் படியிலயே உட்டுப்போட்டு வந்துட்டாருங்களா?"

"கடைய யாரு பாக்க?"

மத்தியானம் பார்த்தால் செட்டியார் படியில் இருந்தார். சாயங்காலம் விளக்கு வைக்கும்போது நான் மறுபடி கொண்டுபோய் வாசலில் வைத்தேன். இப்படியே மனிதர் போவதும் வருவதுமாக இருந்தார். கொலு வைத்த பிறகு பொம்மையை நகர்த்தக் கூடாது, சாஸ்திரம் இல்லை என்று சம்பந்தி மகளிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. நகர்த்தவில்லை, யாத்திரை போயிருக்கிறார் என்று நான் மகனிடம் சொன்னேன், அவருக்குக் கேட்கிற மாதிரி. மகனும் மருமகளும் அந்த வாரம் முழுக்க ஆபீஸில் அதிக நேரம் இருந்தார்கள்.

வெந்தயம் சீக்கிரம் முளைக்கும். என் கரை பச்சையாகிவிட்டது. பேத்தி குனிந்து பார்த்து, "வாவ் ஆச்சி" என்றாள். அந்த ஒரு வாவுக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்றால், அன்றைக்குச் சுண்டலில் உப்பு போட மறந்துவிட்டேன். மறுநாள் சம்பந்தி கோட்டைக்குள்ளே கேழ்வரகு விதைத்திருந்தார். படைக்குச் சாப்பாடு வேண்டுமே என்றாராம். கேழ்வரகு மெதுவாக வரும். அவர் அடிக்கடி டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்த் தெளிப்பதைப் பார்த்தேன். அவர் கேழ்வரகு தலை நீட்டுவதற்குள் என் வெந்தயம் முழங்கால் உயரம், அதாவது மாட்டு பொம்மைக்கு முழங்கால் உயரம் வந்துவிட வேண்டும் என்று நானும் தெளித்தேன். அவர் தெளித்தால் நான். நான் தெளித்தால் அவர். ட்ரேக்கு அடியில் ஓட்டை இல்லை என்பது ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் பேத்திதான் முதலில் பார்த்தாள். அவள் கத்தவில்லை. அவள் அம்மாவைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு நாங்கள் ரெண்டு பேரும் ஓடினோம். கரிசல் தன் குணத்தைக் காட்டிவிட்டது. மதில் அடியில் ஊறி, உட்கார்ந்து, ஆற்றுக்குள் சரிந்து கிடந்தது. கொத்தளம் ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. ஐஸ்குச்சிக் கதவு மிதந்தது. சேற்றில் இடுப்பு வரைக்கும் புதைந்து செட்டியார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு தண்ணி ஊத்துனா?" என்று மருமகள் கேட்டாள்.

"நானுங்கண்ணு" என்றார் சம்பந்தி. நானும்தான் என்றேன். எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

சாயங்காலம் பத்து வீட்டு ஆட்கள் வருகிறார்கள், இந்த ட்ரேயை அப்படியே எடுத்துப் பின்னால் வைத்துவிடலாம் என்றாள் மருமகள். நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். விஜயதசமி வருவதற்கு முன்னால் கொலுவில் எதையும் கலைக்கக் கூடாது. விழுந்தாலும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் பேச்சு அதுதான்.

சம்பந்தி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். புடவை மடிப்பு கலைந்திருந்தது. அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று அவர் வந்த நாளில் இருந்து நினைத்திருந்தேன், அவ்வளவாக இல்லை. கொஞ்சம் இருந்தது.

"போன்ல பேசுனா, ஆச்சி இப்படிச் சொன்னாங்க, ஆச்சி அப்படிச் செஞ்சாங்கன்னே இருப்பாளுங்க," என்றார், என்னைப் பார்க்காமல். "நான் வந்தப்புறம் என்கிட்ட பேச அவளுக்கு இந்தப் பாடம் ஒண்ணுதான் இருந்துச்சு. அதான் கோட்டையைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்."

இத்தனை நாள் நான் மதிலுக்கு வெளியே நிற்கிறேன் என்று குமைந்துகொண்டிருந்தேன். இந்த அம்மாள் உள்ளே உட்கார்ந்து என்னைப் பார்த்துக் குமைந்திருக்கிறார். பயம் இல்லாதவன் கராஜ் கதவு அகலத்துக்கு மதில் கட்டுவானா? காப்பி போடட்டுமா என்று கேட்டேன். சர்க்கரை கம்மியாக என்றார்.

பேத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அழுவாள் என்று நினைத்தால் அவள் கண் பெரிதாக இருந்தது. ஒரு படத்தைக் காட்டினாள். தண்ணீர்தான், கரை தெரியாத தண்ணீர். அந்த ஆற்றில் பிற்காலத்தில் பெரிய அணை கட்டினார்களாம். தண்ணீர் தேங்கி ஏரியாகி, அந்தக் கோட்டைகளில் முக்கால்வாசி உள்ளே போய்விட்டதாம். பச்சைச் செங்கல் தண்ணீருக்குள் என்ன ஆகும்? நம் ட்ரேயில் ஆனதுதான்.

"இட்ஸ் ஆக்சுவலி மோர் அக்யூரேட்" என்றாள். நாங்கள் செய்தது சரிதான் என்கிறாளா, கேலி செய்கிறாளா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை.

பிறகு ட்ரேயைச் சுற்றி வந்து பார்த்தாள். கோட்டைப் பக்கம் சேறு. என் பக்கம் மாடு நிற்கிறது, வெந்தயம் நிற்கிறது, ஊர் நிற்கிறது. என்னைப் பார்த்தாள். "ஆச்சி, நீங்க சொல்றீங்களா?"

அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. சுண்டலுக்குத் தாளித்தது யார், வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தது யார், ஒன்றும் நினைவில்லை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். மருமகளிடம் பவுடர் கூட வாங்கிப் பூசினேன்.

ஆட்கள் வந்தார்கள். பெண்கள் பாட்டுப் பாடி முடித்தார்கள். பேத்தி போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் ட்ரேக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். ஆறு, தங்கம், மாடு, வில். ராஜா வந்தது, மதில் கட்டினது. எங்கள் ஊரில் வந்து கட்டிவிட்டு எங்களையே வரக்கூடாது என்றான் என்று நான் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு அங்கிள் கிரீன் கார்டு க்யூவைப் பற்றி ஏதோ சொன்னார், அதற்கு இன்னும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஒரு அம்மாள், அந்தக் கோட்டையில் இருந்த படைவீரர்கள் என்ன ஆனார்கள், தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார்களா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பேத்தி அந்த இடத்தை எனக்குச் சொல்லவே இல்லை. நான் மாட்டைத் தடவிக்கொண்டு சமாளித்தேன். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற சம்பந்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வாத்தியார் குரல் வந்துவிட்டது.

"ஊர்ல ராஜாவுக்குப் பலம் கொறஞ்சு போச்சுங்க. கோட்டையில இருந்தவங்க அங்கியே பொண்டாட்டி புள்ளைன்னு தலைமுறையா இருந்தவங்க. அவங்க திரும்பிப் போகலை. யாரைத் தடுக்கறதுக்கு மதில் கட்டுனாங்களோ, அந்தத் தெற்கத்தி ராஜாகிட்டயே வேலைக்குச் சேந்துட்டாங்க."

எவ்வளவு நல்ல இடம்! மொத்தக் கதையிலும் அதுதான் நல்ல இடம். அதை வாசலில் நின்றுகொண்டு, கையில் சுண்டல் தட்டோடு, அந்த அம்மாள் கொண்டுபோய்விட்டார். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. சரி, தலை திரும்பட்டும். ஆனால் என் பேத்தி கையில் இருந்த குச்சியும் மெல்லத் திரும்புவதைப் பார்த்தேன். போன் என்னை விட்டு, மாட்டை விட்டு, சேற்றில் இருந்த செட்டியாரை விட்டு, சமையலறை வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வாசல் கையெட்டும் தூரம்தான். எட்டி சம்பந்தியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"அங்கன நின்னு சொன்னா யாருக்குக் கேக்கும்? இங்க வந்து எம்பக்கத்துல உக்காந்து சொல்லுங்க மதினி."

அவர் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, இடம் போதாமல் என் தொடைமேல் பாதி ஏறி உட்கார்ந்தார். போனும் திரும்பி வந்தது.